மெலிஞ்சு போனீங்கள், சுகமில்லையே?

வன்னியில் ஒருவர் உடம்பைக் குறைத்தால் பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விசாரணைதான் கிடைக்கும். சந்தையில், கோயில் வீதியில், செத்த வீட்டுப் பந்தலில், எங்கே கண்டாலும் "என்ன பிள்ளை, இப்பிடி வாடிப் போனாய்? வருத்தம் ஏதும் இருக்கே?" என்றுதான் தொடங்குவார்கள். அவர்களில் பிழை இல்லை. இந்த மண்ணில் ஆட்கள் மெலிந்ததற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது; அது நல்ல காரணமாக இருந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை, இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு, 2009, அதற்குப் பிறகு செட்டிகுளத்து முகாம்கள். அதெல்லாம் கடந்து ஊருக்கு வந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தவர்களைப் பார்த்துத்தான் "இப்பதான் ஆளாய் இருக்கிறாய்" என்று பெரியவர்கள் மனம் ஆறினார்கள். அந்தச் சதையைக் கரைக்கிறேன் என்று ஒருத்தி வெளிக்கிட்டால் அவர்களுக்கு எப்படி விளங்கும்?

என் மாமிக்கு விளங்கவே இல்லை. கிளிநொச்சியில் அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 52 கிலோ இருந்தவள், மெல்ல மெல்ல 70க்கு வந்திருந்தேன். உயரம் 155 சென்ரிமீற்றர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் ஆஸ்பத்திரிகளோடும் சேர்த்து, 2011இல் இருந்து நாடெங்கும் நடுத்தர வயதினரைச் சும்மா வரச்சொல்லிச் சோதிக்கிற நிலையங்கள் நடக்கின்றன. நிறை, உயரம், இடுப்புச் சுற்று, பிறசர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எங்கள் பகுதியில் அங்கே போகிற ஆட்களில் முக்கால்வாசி பெண்கள். ஆண்களுக்கு நெஞ்சு நொந்தால்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அங்கே எனக்குச் சொன்னது: சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது.

உடற்திணிவுச் சுட்டெண் என்கிற கணக்கு இலகுவானது. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரிக்க வேண்டும். எனக்கு 29 வந்தது. வெள்ளைக்காரருக்கு 25இல் அடிக்கிற மணி எங்கள் ஆட்களுக்கு 23இலேயே அடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எழுதினார்கள். கை கால் மெல்லிசாக இருக்க, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்புச் சேர்கிற உடல்வாகு தெற்காசியருக்கு. அதனால்தான் இடுப்புச் சுற்றையும் அளக்கிறார்கள்: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. அதற்கு மேலே போனால் தராசு என்ன சொன்னாலும் கவனம் தேவை. ஒல்லியான ஆளுக்கு வண்டி மட்டும் முன்னுக்கு நிற்பதை எங்கள் ஊரில் வேண்டிய அளவு பார்க்கலாம்.

இன்னொரு விடயம் என்னை யோசிக்க வைத்தது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜேர்மன் படைகள் உணவை மறித்ததால் பெரும் பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைக் கையாளத் திணறியது. வயிற்றில் இருக்கும்போது பட்டினி, வளர்ந்த பிறகு தாராளம் என்று வந்தால் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. வன்னியில் தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டுகிறார்கள். அவர்களைக் கண்டால் ஒருமுறை சீனி பார்க்கச் சொல்லி நான் கரைச்சல் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, எப்படி இவ்வளவு ஏறியது? யாரும் ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடவில்லை. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தது. தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் இந்த ஊரே சைக்கிளில் ஓடியது; நெல்லு மூட்டை, விறகு, பிள்ளை, வருத்தக்காரர் எல்லாம் கரியரில்தான். சண்டை முடிந்து ஏ9 வீதி காப்பெற் ஆனது. லீசிங்காரர் வாசலுக்கே வந்து மோட்டார் சைக்கிள் தந்தார்கள். கிணற்றில் அள்ளிய தண்ணி மோட்டரில் வந்தது. அம்மியில் அரைத்த சம்பலைக் கிரைண்டர் அரைத்தது. இவை எதையும் நான் திருப்பிக் கொடுக்கத் தயாரில்லை. அம்மியின் பெருமை பேசுகிறவர்கள் அனேகமாக அம்மியில் அரைக்காதவர்கள். ஆனால் இந்த வேலையெல்லாம் நாளிலிருந்து கழன்று போக, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. போதாததற்குக் கோதுமை மாவும் பணிசும் ரோல்சும் சோடாவும் வந்து சேர்ந்தன.

தேத்தண்ணியில் இருந்துதான் தொடங்கினேன், அதுதான் கண்ணுக்குத் தெரிகிற சீனி. என் வேலை வீடுவீடாகப் போகிற வேலை. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே கேத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, வீட்டில் காலையும் மாலையும், வெளிக்களத்தில் குறைந்தது இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி சீனி கிட்டத்தட்ட 5 கிராம், 20 கலோரி. ஆறு தேத்தண்ணி என்றால் 60 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்து கரண்டிக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மூன்றாவது தேத்தண்ணியோடேயே நான் தாண்டிவிடுவேன்.

ஆனால் வன்னியில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்வது சின்ன விடயம் இல்லை. அந்த அம்மாவிடம் இருக்கிறதே அந்தத் தேயிலையும் சீனியும்தான்; வேண்டாம் என்றால் அவவின் முகம் சுருங்கிவிடும். "சீனி போடாமல் தாங்கோ" என்றால் வேறு வினை. அடுத்த கிழமைக்குள் எனக்குச் சீனி வருத்தம் என்று ஊர் முழுக்கக் கதை போய்விடும், போனது. கடைசியில் பழைய பழக்கம் ஒன்றுதான் கைகொடுத்தது. சீனி தட்டுப்பாடான காலத்தில் வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக் குடிப்போம். அல்லது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்போம். "அம்மா, எனக்குப் பழைய மாதிரிக் கடிச்சுக் குடிக்கத்தான் விருப்பம்" என்று சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை. சிலர் சந்தோசப்பட்டு அந்தக் காலத்துக் கதைகளை எடுத்துவிடுவார்கள். நகத்தளவு துண்டு ஒரு கோப்பி கப் தேத்தண்ணிக்குப் போதும். பனங்கட்டி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதுவும் சீனிதான். கடித்துக் குடிக்கும்போது குறையச் செலவாகிறது என்பது மட்டுமே அதன் லாபம்.

சோடாவுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. 2016இல் இருந்து இலங்கையில் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்ப நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். போத்தலைத் திருப்பிப் பார்க்கப் பழகினால் போதும். என் மகனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கடையில் நின்று சத்தமாக நிறம் வாசிப்பான், முதலாளி முறைப்பார்.

கடினமான இடம் இராச்சாப்பாடு. எங்கள் வீட்டில் இரவில் புட்டு அல்லது இடியப்பம். மாமிதான் மா குழைப்பா. மா அளக்க ஒரு பழைய மீன் பேணி இருக்கிறது, விளிம்பு தேய்ந்து மினுங்கும். ஐந்து பேருக்கு மூன்று பேணி மா, ஒரு முழுத் தேங்காய்ப் பூ. நீத்துப்பெட்டியில் அவித்து எடுத்துக் கொட்டினால் ஆவி பறக்கும். சம்பலும் மீன்குழம்பும் பக்கத்தில் இருந்தால் கோப்பையில் எவ்வளவு விழுகிறது என்று யார் பார்ப்பது? ஆறுதலாகச் சாப்பிடு, குறையச் சாப்பிடு என்று புத்தகங்கள் சொல்லும். முயன்று பார்த்தேன். நான் குறையப் போட்டால் சட்டியில் மிஞ்சும். மிஞ்சினதை மாமி பார்த்துக்கொண்டு இருப்பா. முள்ளிவாய்க்காலில் ஒரு பிடி அரிசிக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மனிசி அவ. அவவுக்கு முன்னால் சாப்பாட்டை நாய்க்குப் போடுகிற துணிவு எனக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அதனால் மிஞ்சியது எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போனது.

அங்கேதான் ஒன்று விளங்கியது. கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு மனசைக் கட்டுப்படுத்துகிற வேலை எனக்குச் சரிவராது. முடிவு அதற்கு முன்னமே, மா அளக்கிற நேரத்திலேயே எடுபட வேண்டும். மூன்று பேணியை இரண்டாக்கினோம். அதிலும் ஒன்று குரக்கன் மா. தேங்காய்ப் பூ பாதி. அந்த இடத்தை நிரப்ப ஒரு பெரிய சட்டி வறையோ கடைசலோ: முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, பயற்றங்காய், வளவில் என்ன இருக்கிறதோ அது. சட்டி துடைத்தெடுத்தபடி காலியாகும், மாமியின் மனமும் ஆறும். முதல் கிழமை பிள்ளைகள் முகத்தை நீட்டினார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு நாடகம் முடிந்து சாப்பிட்டதை ஏழரைக்கு மாற்றியதுதான் இதைவிடப் பெரிய சண்டை; அதைப் பற்றி எழுதினால் வீட்டில் புதுப் பிரச்சினை வரும்.

மத்தியானச் சோற்றுக்கும் இதே வழி. முன்பு சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பு விடுவேன். இப்போது மரக்கறியும் கீரையும் கோப்பையில் பாதியைப் பிடித்த பிறகுதான் சோற்றுக்கு இடம். மீனோ முட்டையோ பருப்போ ஒரு மூலையில். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் விடுவதில்லை. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து உண்டு, பசி மெல்ல வரும். ஆனால் சிவப்பு அரிசி என்பதற்காக இரண்டு கோப்பை சாப்பிட்டால் இரண்டு கோப்பைக்குரிய கலோரிதான் சேரும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

நடை, சைக்கிள் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சியால் மட்டும் நிறை இறங்கும் என்று நம்பி வெளிக்கிடுகிறவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப் போவார்கள். 70 கிலோ ஆள் அரை மணித்தியாலம் கொஞ்சம் வேகமாக நடந்தால் 120, 150 கலோரிதான் செலவு. திரும்பி வரும் வழியில் பேக்கரியில் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டால் அது சரியாய்ப் போச்சு. இறக்குவது பெரும்பாலும் சாப்பாட்டின் வேலை. இறக்கியதை அப்படியே வைத்திருக்கத்தான் நடை வேண்டும்.

என் சைக்கிள் 2022இல் திரும்பி வந்தது. விரும்பி எடுக்கவில்லை. எரிபொருள் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கொட்டிலில் தும்பு மூட்டைக்குப் பின்னால் கிடந்த லுமாலா சைக்கிளைத் தட்டி எடுத்து, டியூப் மாற்றி, மூன்று கிலோமீற்றர் சொச்சம் அலுவலகத்துக்கு ஓடினேன். சாறியோடு ஓடுவது மறந்துபோயிருந்தது. முந்தானையைச் செருகி, கரைப்பக்கத்தைச் சங்கிலி தின்னாமல் ஒதுக்கி, கால் ஊன்றுகிற விதமெல்லாம் ஒரு நாளிலேயே கால்களுக்கு ஞாபகம் வந்தது. பெற்றோல் வந்த பிறகு எல்லாரும் சைக்கிளைத் திரும்பக் கொட்டிலில் போட்டார்கள். நான் ஸ்கூட்டியைத் தூர வெளிக்களத்துக்கும் மழைக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிடங்களுக்குக் குறையாத அசைவு கேட்கிறது. அலுவலகத்துக்குப் போய் வருவதிலேயே அது முடிந்துவிடுகிறது. தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

விடியற்காலையில் நடப்பது ஒரு பெண்ணுக்கு இங்கே லேசில்லை. இருட்டோடு தனியப் போக முடியாது. வெயில் ஏறிவிட்டால், அதிலும் சோளகம் அடிக்கிற மாதங்களில், எட்டு மணிக்கே முகம் எரியும். ஏ9 ஓரத்தில் பஸ் போகிற வேகத்துக்கு உயிர் கையில். கட்டாக்காலி மாடுகள் வேறு. வாய்க்கால் கரைதான் நல்லது, ஆனால் நாய்கள். கையில் ஒரு பூவரசந்தடி வைத்திருக்கிறேன். அடித்ததில்லை, காட்டினால் போதும். பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்த பிறகு தடியின் தேவை குறைந்துவிட்டது. அவவின் குரலே போதும்.

நிறை முதல் ஒரு வருடத்தில் மெல்ல 62க்கு வந்தது. கணக்குப்படி இது இன்னமும் 23க்கு மேலேதான். 55க்குப் போகச் சொல்லி அட்டவணை சொல்கிறது. நான் போகப் போவதில்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சீனி வருத்தம் வாசலில் நின்றவர்களுக்கு உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிட நடையும் இலக்காகக் கொடுத்தார்கள். நோய் வருகிற வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றம் தனியாகவே நோய் வருவதை 28 வீதத்துக்கு மேல் குறைத்தது, நிறையில் பெரிய மாற்றம் வராமலேயே. எங்களைப் போலச் சோறு தின்கிற ஆட்களில் கண்ட முடிவு என்பதால் எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

பிடித்து வைத்திருப்பதுதான் உண்மையான பாடு. நிறை இறங்கியதும் உடம்பு பயந்துவிடுகிறது. பஞ்சம் கண்ட கமக்காரன் விதைநெல்லைப் பொத்தி வைப்பதுபோல் அது செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அடித்துப் பிடித்து நிறை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த கெவின் ஹால் குழு 2016இல் எழுதியது: பெரும்பாலானோர் இழந்த நிறையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். உடம்போ சும்மா இருக்கும்போது, இருக்க வேண்டியதைவிட நாளுக்குக் கிட்டத்தட்ட 500 கலோரி குறைவாகத்தான் எரித்தது. கனடாவில் இருக்கிற மச்சாள் நிறை குறைக்கக் கிழமைக்கு ஒரு ஊசி போடுகிறா, செமாகுளுடைட் என்கிற மருந்து. நன்றாக இறங்கியிருக்கிறது, முகம் தெரிகிறது. ஆனால் அதை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாம். ஊசி கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பவுடர் டப்பா விற்கிறவர்களைத்தான் படலைக்கு வெளியே நிறுத்துகிறேன்.

அமெரிக்காவிலேயே 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு இருக்கிறது. பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது ஏறவிடாமல் வைத்திருப்பவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. வைத்திருக்கிற வழியில் பெரும்பாலானவர்கள் ஒத்துப்போகிறார்கள்: காலைச் சாப்பாட்டை விடுவதில்லை, கிழமைக்கு ஒருமுறையாவது தராசில் ஏறுகிறார்கள், தொலைக்காட்சி குறைவு, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் அளவில் அசைகிறார்கள். எல்லாமே சலிப்பான வேலைகள்.

எனக்குத் தராசைவிட நம்பிக்கையானது சாறிச் சட்டை. எங்கள் தையல்கார அக்கா இரண்டு பக்கத்திலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பா; "பொம்பிளையள் உடம்பு எப்ப எப்பிடி எண்டு சொல்லேலாது" என்பா. என் சட்டைகளில் தையல் பிரித்த தடங்கள் வரிசையாக இருக்கின்றன, வெளிப்பக்கம் போகப் போக நூலின் நிறம் வேறு வேறு. இப்போது உள்ளே இழுத்துப் பிடித்துத் தைத்தாகிவிட்டது, மிச்சத் துணியை வெட்டவும் சொன்னேன். அவ வெட்டவில்லை.

ஏறுகிற காலம் எது என்றும் தெரிந்துகொண்டேன். கார்த்திகையில் மழை பிடித்தால் வாய்க்கால் கரை சேறு, சைக்கிள் போகாது. அதோடு மார்கழியில் திருவெம்பாவைக்குக் கோயிலில் அவலும் கடலையும், தையில் பொங்கல், பிறகு புது நெல்லு வந்த கையோடு கலியாண வீடுகள். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறும். அதைப் பார்த்து இப்போது பதறுவதில்லை. மாசியில் பேணியை இன்னும் கொஞ்சம் குறைத்து, வெயில் கண்டதும் சைக்கிளை எடுத்தால் சித்திரைக்குள் இறங்கிவிடும். கலியாண வீட்டில் இருந்துகொண்டு கலோரி எண்ணுகிற ஆளைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட எனக்கே விருப்பமில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீனிக்குக் குளிசையோ ஊசியோ பாவிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம். சாப்பாடு குறைய, மருந்து அப்படியே இருந்தால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மாமிக்கு அப்படித்தான் செய்தோம். அவ இப்போது பின்னேரத்தில் வளவைச் சுற்றி நடக்கிறா, கையில் விளக்குமாறோடு. நடக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டா, கூட்டுகிறேன் என்பா.

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் கிளினிக்கில் ஒன்று கேட்டுவந்தா. நடக்கிற வேகம் சரியா என்று அறிய, கதைக்க முடிய வேணுமாம், ஆனால் பாட முடியக்கூடாதாம். அடுத்த நாள் காலை வாய்க்கால் கரையில் சோதித்துப் பார்த்தோம். அக்கா "தோடுடைய செவியன்" தொடங்கி, ஒரு பாட்டை மூச்சு வாங்காமல் முழுதாகப் பாடி முடித்தா. "இப்ப என்ன செய்யிறது?" என்றா. வேகத்தைக் கூட்ட வேணும் என்றேன். நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டாம் பாட்டைத் தொடங்கினா.